தொண்ணூறு கிலோவுக்கு வைத்த இழுவை

ஸ்கெல்பி, யார்க்‌ஷயர்
2 மார்ச் 1998

கீத்,

உட்கார்ந்து கடிதம் எழுதுவது எனக்கு வராது. என் தங்கை வேறு வழி வைக்கவில்லை. சனிக்கிழமை நான்கு மணி நேரம் ரயிலில் வந்து உன் வார்டு வாசல்வரை ஏறிவிட்டேன். கையில் நம் ஊர்க் கசாப்புக்கடையில் வாங்கிய, பன்றிக்கறி அடைத்த போர்க் பைப் பண்டம் இரண்டு. மாவிஸ் கதவை மறித்துக்கொண்டு நின்றாள்.

“உள்ளே விட மாட்டேண்ணே. பதிமூணு வருஷமா உன் கையை நம்பித்தானே அவரு மேலே ஏறினாரு? இப்போ பாரு, இடுப்புல இரும்பைச் சொருகிப் படுக்கப் போட்டிருக்காங்க. போயிடு.”

போய்விட்டேன். வரும் வழியில் இரண்டு பண்டத்தையும் நானே தின்றேன். கோபம் வந்தால் எனக்குப் பசிக்கும் என்பது உனக்குத் தெரிந்ததுதான்.

நான் கேட்க வந்தது ஒன்றே ஒன்று. அதற்கு முன்னால் பிப்ரவரி பன்னிரண்டாம் தேதி நடந்ததைப் பாதுகாப்பு அதிகாரி திருமதி ஹாலமிடம் சொன்னபடியே சொல்கிறேன். எங்கே தப்பு என்று நீ சொல்.

அந்தப் பழைய மின்நிலையத்தின் மேல்தளத்தில் நாயகனும் அவனைப் படியெடுத்துச் செய்த நகலும் அடித்துக்கொள்கிற காட்சி. நகல் உதை வாங்கிப் பின்னால் பறந்து அட்டைப்பெட்டிக் குவியலில் விழ வேண்டும். டூப் நீயும் எம்ரிஸும். ஒரே டோப்பா, ஒரே சாம்பல் கோட்டு. ஒல்லிப் பயலான உனக்கு மட்டும் கோட்டுக்குள் பஞ்சு அடைத்து உப்ப வைத்திருந்தார்கள். ஒரு டேக்கில் நீ அசல், அவன் நகல்; அடுத்ததில் மாறிக்கொள்வீர்கள். யார் எப்போது எது என்று எந்தத் தாளிலும் எழுதவில்லை. “ரெண்டும் ஒண்ணுதானேப்பா” என்று இயக்குநர் சிரித்தார்.

எனக்கு ரெண்டும் ஒன்றல்ல. பறக்கிறவனை இழுப்பது என் காற்றழுத்த இயந்திரம். அழுத்தம் எவ்வளவு என்பது ஆளின் எடையைப் பொறுத்தது. நீ எழுபத்து மூன்று கிலோ, எம்ரிஸ் தொண்ணூறு. அதனால்தான் நான் முன்பு வேலை பார்த்த நிலக்கரிச் சுரங்கத்துப் பழக்கத்தை இங்கேயும் கொண்டுவந்தேன். கூண்டில் இறங்குகிறவன் தன் பித்தளை வில்லையைக் கொடுத்துவிட்டு இறங்குவான் அல்லவா, அதைப்போல இழுவைக் கயிற்றில் ஏறுகிறவன் தன் எடை பொறித்த வில்லையை என் கையில் கொடுக்க வேண்டும். நான் அதைப் பார்த்து அழுத்தம் வைத்து, வில்லையை ஆணியில் மாட்டுவேன்.

அன்று ஐந்தாவது டேக்கில் என் கைக்கு வந்தது எம்ரிஸின் வில்லை. கொடுத்தவன் முகத்தை நான் பார்க்கவில்லை, எண்ணை மட்டும் பார்த்தேன். தொண்ணூறு. தொண்ணூறுக்கு வைத்தேன். இழுத்தேன். பறந்தது நீ. பெட்டிக் குவியலைத் தாண்டிச் செங்கல் சுவரில் போய் மோதினாய். ஓடிவந்து உன் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவன் ஆம்புலன்ஸ் போன பிறகுதான் எழுந்தேன். ஸ்டண்ட் மாஸ்டரோடு திரும்பி வந்து பார்த்தால் ஆணியில் தொங்குவது உன் வில்லை. எழுபத்து மூன்று.

“எழுபத்து மூணைப் பார்த்துட்டுத் தொண்ணூறு வச்சியா வில்ஃப்?” என்றார் அவர்.

எம்ரிஸும் அந்த டேக்கில் நீதான் பறக்க வேண்டியவன் என்று சொல்லிவிட்டான். இப்போது சொல். என்னிடம் வில்லை கொடுத்தது நீயா, அவனா?

வில்ஃப்


முதுகெலும்பு வார்டு, பக்கிங்ஹாம்ஷயர்
9 மார்ச் 1998

அன்புள்ள மச்சானுக்கு,

எழுதுவது நானில்லை. என் வலது மணிக்கட்டு மாவுக்கட்டில் இருக்கிறது. பக்கத்துப் படுக்கை பெர்ஸி எழுதுகிறார். முப்பது வருஷம் தபால்காரராக இருந்தவர், ஏணியிலிருந்து விழுந்து வந்திருக்கிறார். நான் உலகம் பூராவும் விழுந்துவிட்டு இங்கே வந்து படுத்திருக்கிறேன், இவர் சொந்த வீட்டு ஏணியிலிருந்து விழுந்து அதே வார்டுக்கு வந்துவிட்டார். (எழுதுகிற எனக்கு இதில் சிரிப்பு வரவில்லை - பெர்ஸி.)

மாவிஸ் பேசியதை மனதில் வைத்துக்கொள்ளாதீர்கள். அவள் பயத்தில் கத்துகிறாள். நர்ஸ்களிடமும் கத்துகிறாள். நேற்று கஞ்சி கொண்டுவந்த பெண்ணையும் ஒரு வாங்கு வாங்கினாள்.

நீங்கள் கேட்டதற்கு வருகிறேன். எனக்கு எதுவும் நினைவில்லை மச்சான். காலையில் முட்டையும் பன்றிக்கறியும் தின்றது நினைவிருக்கிறது. அதன்பிறகு கண் திறந்தால் இந்தக் கூரை. தலையில் அடிபட்டால் அப்படித்தான் ஆகும் என்று டாக்டர் சொல்கிறார். திருமதி ஹாலமிடமும் அதையே சொல்லிவிட்டேன்.

யானைக்கும் அடி சறுக்கும். சும்மா அதையே போட்டுக் குழப்பிக்கொள்ளாதீர்கள். நான் உங்கள்மேல் எந்தக் கோபமும் வைத்திருக்கவில்லை. இதைப் பெரிய எழுத்தில் எழுதச் சொல்லியிருக்கிறேன்.

(பெரிய எழுத்தில்தான் எழுதியிருக்கிறேன். இதைச் சொல்லும்போது அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை, ஜன்னலைப் பார்த்தார். இது என் சொந்தச் சேர்க்கை, அவருக்குப் படித்துக் காட்டப்போவதில்லை - பெர்ஸி.)

கீத்


ஸ்கெல்பி
17 மார்ச் 1998

கீத்,

கோபம் இல்லையாம். பெரிய மனசு. கோபப்பட்டிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

இந்த இரண்டு வாரத்தில் நான் செய்ததைக் கேள். டான்காஸ்டரில் கண் டாக்டரிடம் போனேன். வெள்ளெழுத்துக்குப் புதுக் கண்ணாடி கொடுத்தான். “பழைய கண்ணாடியில எழுபத்து மூணு தொண்ணூறாத் தெரியுமா டாக்டர்?” என்று கேட்டேன். “ஏழும் ஒன்பதும் வேணா மங்கலாத் தெரியலாம்” என்றான். ஒரு டாக்டர் பேசுகிற பேச்சா இது? ஆமாம் என்று சொல், இல்லை என்று சொல். வேணா தெரியலாம் என்றால் நான் என்ன செய்ய?

கம்பெனியிலிருந்து கடிதம் வந்திருக்கிறது. விசாரணை மே பதினான்கு, லீட்ஸில். அதுவரை நான் எந்தக் கயிற்றையும் தொடக்கூடாது. குற்றம் என்பக்கம் என்றால் உரிமம் போய்விடும். கடிதத்தில் என் பெயர்கூட இல்லை, ‘இயந்திரத்தை இயக்கிய நபர்’ என்று போட்டிருக்கிறார்கள்.

இருபத்தாறு வருஷம் ஸ்கெல்பி சுரங்கத்தில் கூண்டு இயக்கினேன். நடைக்கு நாற்பது பேர் இறங்கி ஏறுவார்கள். ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, கூண்டு தரையில் தட்டியது என்று எவனாவது சொல்லச் சொல் பார்ப்போம். சுரங்கத்தை மூடியபோது நீதான் என்னைச் சினிமாவுக்கு இழுத்து வந்தாய். “மச்சான், உங்க கை இருக்கிற வரைக்கும் நான் எவ்வளவு உசரத்திலிருந்தும் குதிப்பேன்” என்று கல்யாண வீட்டில் குடித்துவிட்டு நாலு பேர் முன்னால் சொன்னாய். அந்தக் கையைத்தான் இப்போது திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

ஞாயிறன்று என் மகள் ஷீலா ஜன்னலுக்குப் பெயின்ட் அடிக்க ஏணியில் ஏறினாள். “அப்பா, கொஞ்சம் பிடிச்சுக்கோங்க” என்றாள். போய்ப் பிடித்தேன். அவள் இரண்டாவது படியில் கால் வைத்ததும் எனக்கு வேர்த்துக் கொட்டிவிட்டது. “இறங்கு, வேற யாரையாவது கூப்பிடு” என்று சொல்லிவிட்டு உள்ளே வந்துவிட்டேன். பெற்ற மகளின் ஏணியைப் பிடிக்க முடியவில்லை எனக்கு.

நினைவு வருகிறதா இல்லையா? நாள் முழுக்கப் படுத்துத்தானே கிடக்கிறாய், கொஞ்சம் யோசித்தால் என்ன?

வில்ஃப்


முதுகெலும்பு வார்டு
30 மார்ச் 1998

மச்சான்,

இடது கையால் எழுதுகிறேன், கோழி கிளறிய மாதிரிதான் இருக்கும்.

திரும்பத் திரும்ப அதையே கேட்டால் நான் என்ன செய்வேன்? என் நிலைமை தெரியுமா உங்களுக்கு? மூத்திரம் போக இரண்டு பேர் தூக்க வேண்டும். இடது தொடை எலும்பு ஒட்டுகிறதா என்று வாரம் ஒரு படம் எடுக்கிறார்கள், ஒட்டவில்லை என்று வாரம் ஒருவன் வந்து சொல்கிறான். நடப்பேனா என்று கேட்டால், “பார்க்கலாம் மிஸ்டர் ட்ரான்டர்” என்கிறார்கள். தின்னக் கொடுப்பதோ அவித்த மீனும் அவித்த முட்டைக்கோசும். மீன் எது, கோஸ் எது என்று தட்டைப் பார்த்துச் சொல்ல முடியாது.

எம்ரிஸ் ஒரு தடவை வந்து பார்த்துவிட்டுப் போனான். அவனும் நொந்துபோய்த்தான் இருக்கிறான்.

இயக்குநர் பழக்கூடை அனுப்பினார், கூடவே கடிதம். அந்த ஐந்தாவது டேக் பிரமாதமாக வந்திருக்கிறதாம், படத்தில் வைக்கப்போகிறார்களாம். ஒரு இடத்தில் இல்லை, மூன்று இடத்தில். நாயகனுக்கு எதிராக வருகிற நகல்கள் ஏழு அல்லவா? அதில் மூன்று நகல் சாவதற்கு என் விழுகையையே இடம் வலம் மாற்றிக் கணினியில் ஒட்டிக்கொள்வார்களாம். இருபத்திரண்டு வருஷத்தில் என் வேலை ஒரே படத்தில் மூன்று தடவை வருவது இதுதான் முதல்முறை. சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை, ஒரு ஆரஞ்சை உரித்துத் தின்றேன்.

விசாரணையில் என்ன சொன்னாலும் சொல்லிவிட்டுப் போங்கள். நடந்தது நடந்துவிட்டது. என் எலும்பு திரும்பி வரப்போகிறதா என்ன?

கீத்


ஸ்கெல்பி
9 ஏப்ரல் 1998

கீத்,

உன்னை ஒரு தடவை உடைத்தது போதாதென்று மூன்று தடவை உடைக்கப்போகிறார்கள், நீ ஆரஞ்சு தின்றுகொண்டிருக்கிறாய். நல்லா இருக்கிறது. அந்த இயக்குநர் என் கையில் கிடைத்தால் அவரையும் கயிற்றில் கட்டித் தொண்ணூறுக்கு வைத்து இழுப்பேன்.

அவர் எடுத்த படத்தை நானும் பார்த்தேன். செவ்வாய்க்கிழமை திருமதி ஹாலம் லீட்ஸுக்கு வரச் சொல்லியிருந்தார். சின்ன அறை, பத்து நாற்காலி, ஒரு திரை. ஐந்தாவது டேக்கை முதலிலிருந்து போட்டார்கள். கேமராக்காரன் அன்று சீக்கிரமே ஓட விட்டிருக்கிறான் போலிருக்கிறது. கிளாப் அடிப்பதற்கு முன்னால் அரை நிமிஷம் இருக்கிறது. மேல்தளத்தில் இரண்டு சாம்பல் கோட்டு. ஒருத்தன் வலது தோளைப் பிடித்துக்கொண்டு குனிகிறான். இன்னொருத்தன் பக்கத்தில் வந்து ஏதோ பேசுகிறான். கயிற்றைக் கழற்றி மாட்டிக்கொள்கிறார்கள், இடம் மாறுகிறார்கள். பிறகு கிளாப். பிறகு நீ.

திருமதி ஹாலம் விளக்கைப் போடச் சொன்னார்.

“இதுல யாரு யாருன்னு உங்களுக்குத் தெரியுதா மிஸ்டர் ஓல்ராய்ட்? ஏதோ மாறிக்கிறாங்க. ஆனா அதுக்கு முன்னாடி எத்தனை தடவை மாறினாங்களோ! எனக்கு ரெண்டும் ஒரே அச்சுல வார்த்த மாதிரி இருக்கு.”

“படமே அதைப் பத்தினதுதானேம்மா,” என்றேன்.

“வேடிக்கை பேசாதீங்க. இது உங்க வேலையைப் பொறுத்த விஷயம்.”

“எனக்கும் தெரியலைம்மா,” என்றேன்.

பொய் சொன்னேன். பதின்மூன்று வருஷம் கீழே நின்று உன் காலை மட்டுமே பார்த்துக்கொண்டிருந்தவன் நான். இடது பாதத்தை வெளியே வீசி வாத்து மாதிரி நடப்பாய். பஞ்சு அடைத்து உன்னை உப்ப வைக்கலாம், டோப்பா வைக்கலாம், நடையை என்ன செய்வான்? இழுவைக் கயிற்றுப் பக்கம் நடந்து போனது நீ. அங்கேயிருந்து விலகி வந்தது எம்ரிஸ். அதாவது என்னிடம் வில்லை கொடுத்துவிட்டு மேலே ஏறியவன் எம்ரிஸ்தான். என் கண்ணில் ஒரு கோளாறும் இல்லை. அந்தப் புதுக் கண்ணாடியை இன்று காலை மேஜை இழுப்பறையில் போட்டுவிட்டேன்.

ஏதோ ஒரு வில்லையைத் தப்பாகப் படித்து என் தங்கை புருஷனின் இடுப்பை நொறுக்கிவிட்டேன் என்று எட்டு வாரமாக நான் சாகாமல் செத்துக்கொண்டிருக்கிறேன். உனக்கு நினைவில்லை என்றாய். நம்பினேன். அந்தத் தபால்கார மனிதர் நீ ஜன்னலைப் பார்த்ததாக எழுதிய பிறகும் நம்பினேன்.

அதிகாரியிடம் ஏன் சொல்லவில்லை என்று கேட்பாய். எண்பத்து நாலு சுரங்க வேலைநிறுத்தத்தில் போலீஸ் என்னை இரண்டு நாள் உட்கார வைத்து, கல் எறிந்தது யார் என்று கேட்டது. ஒரு பெயர் வாயிலிருந்து வரவில்லை. உன்னையா காட்டிக்கொடுப்பேன்? நீயே சொல். அதற்குத்தான் மே பதினான்குவரை நாள் இருக்கிறது.

வில்ஃப்


முதுகெலும்பு வார்டு
16 ஏப்ரல் 1998

மச்சான்,

உங்கள் கடிதத்தை மாவிஸ் பார்த்துவிடாமல் தலையணை உறைக்குள் வைத்திருக்கிறேன்.

ஆமாம். நினைவிருக்கிறது. எல்லாமே நினைவிருக்கிறது, சுவரில் மோதிய சத்தம் உட்பட. முதல் கடிதம் பெர்ஸி கையால் எழுதியது, அதில் எப்படிச் சொல்வேன் என்று எனக்கு நானே சாக்குச் சொல்லிக்கொண்டேன். இடது கையால் எழுதிய கடிதத்துக்கு அந்தச் சாக்கும் இல்லை.

நடந்தது இதுதான். மூன்றாவது டேக்கிலேயே எம்ரிஸின் தோள் கழன்றுவிட்டது. அவனே சுவரில் இடித்து உள்ளே தள்ளிக்கொண்டான். ஐந்தாவதுக்கு உங்களிடம் வில்லையைக் கொடுத்துவிட்டு மேலே வந்தவன் முகம் வெளுத்துப் போயிருந்தது.

“கீத், இன்னொரு தடவை இழுத்தாங்கன்னா கை தனியா வந்துரும்டா. ஸ்டண்ட் மாஸ்டருக்குத் தெரிஞ்சா நாளைக்கே வேற ஆளைப் போட்ருவான். நீ போயேன், நான் இங்க நின்னுக்கிறேன்.”

“சரி, கொடு கயிற்றை,” என்றேன். அவ்வளவுதான் யோசித்தேன். வெளிச்சம் போய்க்கொண்டிருந்தது, இயக்குநர் ஒலிபெருக்கியில் கத்திக்கொண்டிருந்தார். நாற்பதடி கீழே இறங்கி உங்களிடம் என் வில்லையைக் கொடுத்துவிட்டு ஏற வேண்டும் என்று தோன்றவே இல்லை. பதினேழு கிலோ வித்தியாசம் என் மண்டையில் ஏறவில்லை மச்சான். காலையிலிருந்து அந்தப் பஞ்சுக் கோட்டுக்குள் இருந்து, கண்ணாடியில் பார்த்தால் எனக்கே நான் யார், அவன் யார் என்று தெரியாத வேடம். எல்லோரும் ரெண்டும் ஒன்று, ரெண்டும் ஒன்று என்று சொல்லிச் சொல்லி நானும் அப்படியே நினைத்துவிட்டேன். கயிறு ஒன்றுதான் ஏமாறவில்லை.

என் வில்லை என் பாக்கெட்டிலிருந்து பெட்டிகளுக்கு நடுவே விழுந்து கிடந்ததாம். எம்ரிஸ் எடுத்து, தன்னுடையதைக் கழற்றிவிட்டு, அதை ஆணியில் மாட்டிவிட்டான். இங்கே வந்து என் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு அழுதான்.

இப்போது நான் சொல்லப்போவதைக் கோபப்படாமல் படியுங்கள். நம் தொழிலில் ஒருத்தன் அடிபட்டதை இன்னொருத்தன் வெளியே சொல்லமாட்டான். சொன்னால் அவனுக்கு அடுத்த படம் கிடையாது. எம்ரிஸுக்கு நாற்பத்தொன்று, மூன்று பிள்ளைகள். உங்களுக்கு ஐம்பத்தேழு. இன்னும் இரண்டு வருஷம், மூன்று வருஷம், அதன்பிறகு நீங்களே வேண்டாம் என்று விடப்போகிற வேலைதானே இது? கண் மங்கல், வயசு, யாரும் உங்களைக் குற்றவாளி என்று பார்க்கமாட்டார்கள். உங்களுக்குத்தான் இப்போது உண்மை தெரிந்துவிட்டதே, மனசும் ஆறிவிடும். கொஞ்சம் பொறுத்துப்போகக் கூடாதா? மாவிஸுக்கும் தெரிய வேண்டாம்.

கீத்


ஸ்கெல்பி
20 ஏப்ரல் 1998

கீத்,

உன் கடிதத்தை மூன்று தடவை படித்தேன். முதல் தடவை படித்துவிட்டுத் தேநீர்க் கோப்பையைச் சுவரில் எறிந்தேன். ஷீலா ஓடி வந்தாள். கை நழுவிவிட்டது என்றேன். “இப்பல்லாம் உங்க கை நழுவுதாப்பா?” என்று கேட்டாள். கேட்டதும் நாக்கைக் கடித்துக்கொண்டாள். ஊரே இப்போது என் கையைப் பற்றித்தான் பேசுகிறது. கிளப்பில் சீட்டுக்கட்டைக் கலைக்கக்கூட எவனும் என்னிடம் தருவதில்லை, விளையாட்டுக்குத்தானாம்.

மனசு ஆறிவிடுமாம். யாருக்கு? எம்ரிஸின் தோளுக்கு நீ பரிதாபப்படுகிறாய். படு, அவன் நல்ல பயல்தான். அதற்கு என் தலையை ஏன் விலையாக வைக்கிறாய்? என்னைக் கேட்டு வைத்தாயா? கடைத்தேங்காயை எடுத்து வழியில் போகிறவனுக்குக் கொடுத்தானாம், தேங்காய் யாருடையது?

விசாரணையில் நான் ஒரே ஒரு வாக்கியம் சொல்வேன். என்னிடம் கொடுத்த வில்லைக்குத்தான் அழுத்தம் வைத்தேன். உன் பெயரையோ அவன் பெயரையோ சொல்லமாட்டேன். மிச்சத்தைச் சொல்வதும் சொல்லாததும் உன் பாடு.

இனி இதைப் பற்றி எனக்கு எழுதாதே.

வில்ஃப்


வீட்டிலிருந்து, டென்ஹாம்
17 மே 1998

மச்சான்,

எழுதாதே என்றீர்கள், எழுதுகிறேன். வியாழக்கிழமை விசாரணை முடிந்து உங்கள் பக்கத்தில் வந்து பேசலாம் என்று சக்கர நாற்காலியைத் திருப்புவதற்குள் நீங்கள் படியிறங்கிப் போய்விட்டீர்கள். எனக்குப் படியிறங்க முடியாது.

அன்று காலைவரை நான் சொல்லப்போவதில்லை என்றுதான் இருந்தேன். உண்மையைச் சொல்கிறேன், இனி எதற்கு மறைக்க? வேனில் வரும்போது மாவிஸ் சொன்னாள், “அண்ணன் பாவம்தாங்க, ஆனா வயசாயிருச்சுன்னா ஒத்துக்கணும், என்ன கௌரவம் வேண்டிக்கிடக்கு?” என்று. என்னால் உட்கார முடியவில்லை. லீட்ஸ் வரும்வரை பல்லைக் கடித்துக்கொண்டு வந்தேன். பிறகு நீங்கள் எழுந்து அந்த ஒரு வாக்கியத்தைச் சொல்லிவிட்டு உட்கார்ந்தீர்கள். கம்பெனி வக்கீல் உங்கள் கண்ணாடியைக் கேட்டான். டாக்டர் சீட்டைக் கேட்டான். “சுரங்கத்துல பழகின கை, சினிமாவுக்கு லாயக்கில்லை” என்று சொல்லிச் சிரித்தான். அப்போதுதான் கையைத் தூக்கினேன்.

நான் சொல்லி முடித்ததும் திருமதி ஹாலம் எம்ரிஸைப் பார்த்து, “வலது கையைத் தலைக்கு மேல தூக்குங்க மிஸ்டர் பரி” என்றார். அவன் தூக்கினான். தோள்மட்டத்துக்கு மேல் வரவில்லை. அவன் முகத்தை நீங்கள் பார்த்தீர்களா? நான் பார்க்கவில்லை.

எம்ரிஸ் என்னோடு பேசுவதில்லை. ஸ்டண்ட்காரர்கள் யாரும் எட்டிப் பார்ப்பதில்லை. மாவிஸ் சமையலறையில் நாள் முழுக்கப் பாத்திரத்தைப் போட்டு உடைக்கிறாள், என்னிடம் ஒரு வார்த்தை கிடையாது. உங்களுக்குக் கடிதம் எழுத உட்கார்ந்து அழுதுவிட்டு எழுந்து போகிறாள்.

உங்கள் உரிமம் திரும்பி வந்துவிட்டது என்று கேள்விப்பட்டேன். சந்தோஷம் மச்சான், உள்ளபடியே. தொடை எலும்பும் ஒருவழியாக ஒட்டத் தொடங்கிவிட்டது. இலையுதிர்காலத்தில் ஊன்றுகோல், அடுத்த கோடையில் சின்னச் சின்ன வேலை செய்யலாம் என்கிறார் டாக்டர். யார் என்னைக் கூப்பிடுவார்களோ தெரியாது. கூப்பிட்டால் கயிறு உங்கள் கையில்தான் இருக்க வேண்டும். வேறு எவனையும் நம்பி நான் ஏறமாட்டேன். சரி என்று ஒரு வரி எழுதுங்கள், போதும்.

கீத்


ஸ்கெல்பி
24 மே 1998

கீத்,

உரிமம் வந்துவிட்டது. கம்பெனி மன்னிப்பும் கேட்டிருக்கிறது, இந்தத் தடவை பெயர் போட்டு. அடுத்த மாதமே அயர்லாந்தில் ஒரு படத்துக்குக் கூப்பிட்டிருக்கிறார்கள், போகிறேன்.

மாவிஸிடம் சொல், அழ வேண்டாம். அன்று வார்டு வாசலில் அவள் பேசியதில் தப்பில்லை. அவளுக்குத் தெரிந்தது அவ்வளவுதான், தெரிந்ததை வைத்துப் புருஷனுக்காக அண்ணனைத் துரத்தினாள். அவள் சமைத்த ஆட்டுக்கறியைத் தின்ன அடுத்த ஞாயிறு வருகிறேன். வரும்போது கருவிப் பெட்டியைக் கொண்டுவருகிறேன். உங்கள் குளியலறையில் கைப்பிடி கிடையாது, ஊன்றுகோலோடு ஈரத்தில் வழுக்கி விழுந்தாயானால் இன்னொரு மூன்று மாதம் கட்டில்தான். வாசல்படிக்கும் சரிவுப்பலகை ஒன்று அடித்துத் தருகிறேன். நீளத்தை அளந்து வைக்கச் சொல்.

கடைசியில் நீ சொன்னாய். அந்தக் கூடத்தில் அத்தனை பேர் முன்னால் கையைத் தூக்குவது லேசான காரியமில்லை, எனக்குத் தெரியும். உன் உறவை நான் விட்டுவிடப்போவதில்லை. நீ என் தங்கை புருஷன், எனக்குச் சோறு போட்ட தொழிலைக் காட்டியவன்.

நீ கேட்டதற்குப் பதில் சொல்கிறேன். சொல்லாமல் ஞாயிற்றுக்கிழமை வந்து உன் எதிரில் உட்கார எனக்கு வராது.

நீ மேலே நின்று கண்ணை மூடிக் குதிப்பாய். என்மேல் இருக்கிற நம்பிக்கையில். அது ஒரு பக்கம்தான் கீத். கீழே கயிற்றைப் பிடிக்கிறவனுக்கும் மேலே நிற்கிறவன்மேல் ஒரு நம்பிக்கை வேண்டியிருக்கிறது. ஏதாவது தப்பானால் அவன் உண்மையைச் சொல்வான் என்று. நீ இடம் மாறியதை நான் எப்போதோ மன்னித்துவிட்டேன். அது அரை நிமிஷத்துப் புத்தி, எவனுக்கும் வரும். அதன்பிறகு தொண்ணூற்றொரு நாள் இருந்தது. ஒவ்வொரு நாள் காலையிலும் நீ கண்விழித்து, என் மச்சான் தன் கையைப் பார்த்து நடுங்கிக்கொண்டிருக்கிறான் என்று தெரிந்து, கஞ்சி குடித்தாய்.

போன வாரம் ஷீலாவின் ஏணியைப் பிடித்தேன். மேல்படிவரை ஏறினாள், பெயின்ட் அடித்தாள், இறங்கினாள். என் கை ஆடவில்லை. அவளுக்குப் பிடிப்பேன், எம்ரிஸ் குணமாகி வந்து கேட்டால் அவனுக்கும் பிடிப்பேன், முன்பின் தெரியாதவனுக்கும் பிடிப்பேன்.

உனக்கு வேறு ஆளைப் பார்த்துக்கொள்.

வில்ஃப்